எடிட்டர் ஊமையானால்: வாசகர் கேள்வி – பதில்

டெக்ஸ்ட் எடிட்டரில் (எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் செயலியில்) எச்சரிக்கை ஒலி வரவில்லை என்று பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. பெரும்பாலான எடிட்டர்கள் தாமாக ஒலி எழுப்புவதில்லை. ‘ஒரு மணி அடி’ என்று இயங்குதளத்திடம் சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. எந்த ஒலி, எவ்வளவு சத்தம், எந்த ஸ்பீக்கர் என்பதெல்லாம் இயங்குதளத்தின் பாடு. எடிட்டர் மணி அடிக்கச் சொல்லவே இல்லையா, சொல்லியும் இயங்குதளம் அடிக்கவில்லையா, அடித்தும் ஒலி வேறெங்கோ போனதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது வீண் வேலை. பழைய அமைப்புக் கோப்பு வட்டிலேயே தங்கியிருந்தால் கோளாறும் கூடவே திரும்பி வரும்.

கேள்வி: நோட்பேட் பிளஸ் பிளஸில் தேடும் சொல் கிடைக்காவிட்டால் முன்பு ‘டங்’ என்று கேட்கும். இப்போது தேடல் பெட்டியின் அடியில் சிவப்பு எழுத்து மட்டும் வருகிறது, சத்தம் இல்லை. பாட்டு, வீடியோ எல்லாம் நன்றாகக் கேட்கின்றன. விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் எடிட்டரைப் பாருங்கள். செட்டிங்ஸ் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும் ‘மிஸ்க்’ பகுதிக்குப் போங்கள். அங்கே ‘மியூட் ஆல் சவுண்ட்ஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறொரு கணினியிலிருந்து அமைப்புக் கோப்பை நகலெடுத்து வந்தவர்களுக்கு இந்த டிக் சொல்லாமல் கொள்ளாமல் கூடவே வந்துவிடும். அந்தக் கோப்பை நேரடியாகத் திருத்த நினைத்தால் எடிட்டரை மூடிவிட்டு வேறொரு செயலியில் திருத்துங்கள். திறந்திருக்கும்போது திருத்தினால், எடிட்டர் மூடும் நேரத்தில் தன் நினைவில் உள்ளதை மேலெழுதி உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.

அங்கே டிக் இல்லையென்றால் விண்டோஸ் பக்கம் வாருங்கள். செட்டிங்ஸ் → சிஸ்டம் → சவுண்ட் பக்கத்தின் அடியில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ இருக்கும். அதைத் திறந்து ‘சவுண்ட்ஸ்’ தாவலுக்குப் போங்கள். மேலே ‘நோ சவுண்ட்ஸ்’ என்று தேர்வாகியிருந்தால் ‘விண்டோஸ் டிஃபால்ட்’ ஆக்குங்கள். பிறகு கீழே உள்ள பட்டியலில் ‘டிஃபால்ட் பீப்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து ‘டெஸ்ட்’ அழுத்துங்கள். இந்தத் தேடல் பிழைக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் கேட்பது இந்த ஒலியைத்தான். வரியின் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இல்லையென்றால் அதற்கு ஒலிக் கோப்பே ஒதுக்கப்படவில்லை என்று பொருள்.

பலர் வழுக்கும் இடம் இதுதான். அதே பட்டியலில் ‘ஆஸ்டரிஸ்க்’, ‘எக்ஸ்க்ளமேஷன்’, ‘கிரிட்டிக்கல் ஸ்டாப்’ என்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அழுத்திப் பார்த்து, ஒலி வருகிறது, ஆகவே விண்டோஸில் குறையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனி. விண்டோஸின் பழைய நோட்பேட் ‘சொல் கிடைக்கவில்லை’ என்று காட்டும் பெட்டிக்கு ஆஸ்டரிஸ்க் ஒலி. ஒரே கணினியில் ஒரு எடிட்டர் ஒலிப்பதும் இன்னொன்று மௌனமாக இருப்பதும் இதனால்தான். ‘கொஸ்டின்’ வரிக்கு இப்போதைய விண்டோஸில் இயல்பாகவே ஒலி கிடையாது. அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

டெஸ்ட் அழுத்தியும் ஒலி வரவில்லையா? அதே சவுண்ட் பக்கத்தில் ‘வால்யூம் மிக்ஸர்’ திறந்து ‘சிஸ்டம் சவுண்ட்ஸ்’ வரியைப் பாருங்கள். அது பூஜ்யத்திலோ மியூட்டிலோ இருக்கும். பாட்டு கேட்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பிரவுசருக்குத் தனி அளவு. மிக்ஸரில் எடிட்டரின் பெயரைத் தேடாதீர்கள். பீப் ஒலி சிஸ்டம் கணக்கில்தான் போகும்.

கடைசியாக ஒரு சந்தேகம். தேடல் பெட்டியில் ‘ராப் அரவுண்ட்’ டிக் ஆகியிருந்தால், கோப்பின் கடைசி வரை போன தேடல் மேலிருந்து மறுபடி தொடங்கும். சொல் மேலே எங்காவது இருந்தால் அது கிடைத்துவிடும், பீப் வராது. சிவப்பு எழுத்து வருவதாகச் சொல்வதால் உங்கள் சிக்கல் அதுவல்ல. பச்சை எழுத்து வருபவர்களுக்குக் கோளாறே இல்லை.

கேள்வி: விஎஸ் கோடில் (நிரல் எழுதும் எடிட்டர்) பிழை உள்ள வரிக்குப் போனால் நண்பரின் கணினியில் ஒரு சின்ன ஒலி வருகிறது. என்னுடையதில் இல்லை. இருவரிடமும் ஒரே பதிப்பு.

பதில்: நண்பர் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் செயலி) பயன்படுத்துபவராக இருக்கலாம், அல்லது அமைப்பைக் கையால் மாற்றியிருப்பார். விஎஸ் கோடில் பிழை வரிக்கான ஒலியின் இயல்பு நிலை ‘ஆட்டோ’. ஸ்கிரீன் ரீடர் இயங்கினால் மட்டும் ஒலி என்பது அதன் பொருள். இயங்காத கணினியில் மௌனம்தான் சரியான நடத்தை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி ‘லிஸ்ட் சிக்னல் சவுண்ட்ஸ்’ என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் அம்புக் குறியால் நகர நகர ஒவ்வொரு ஒலியும் கேட்கும். இங்கே கேட்டால் ஒலிப் பாதை சரி, அமைப்பை மாற்றுவது மட்டுமே பாக்கி. செட்டிங்ஸில் ‘அக்ஸஸிபிலிட்டி சிக்னல்ஸ்’ என்று தேடி, ‘லைன் ஹேஸ் எரர்’ என்பதன் சவுண்ட் மதிப்பை ‘ஆன்’ ஆக்குங்கள். ஒலி அளவு ‘சிக்னல் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இருக்கிறது, இயல்பு மதிப்பு 70. இந்த வசதிக்கு முன்பு ‘ஆடியோ க்யூஸ்’ என்று பெயர். பழைய குறிப்புகளை வைத்துத் தேடினால் அகப்படாது.

மேலே முன்னுரையில் சொன்னதற்கு விஎஸ் கோடு ஒரு விதிவிலக்கு. இது தன் ஒலிகளைத் தானே இசைக்கிறது. விண்டோஸின் சவுண்ட்ஸ் தாவலில் எதை மாற்றினாலும் இதில் எடுபடாது. மிக்ஸரிலும் சிஸ்டம் சவுண்ட்ஸில் சேராமல் தன் பெயரிலேயே நிற்கும்.

எங்கள் யோசனை: ‘டாஸ்க் ஃபெயில்டு’, ‘டெர்மினல் கமாண்ட் ஃபெயில்டு’ (பணியோ கட்டளையோ தோற்றால் ஒலிப்பவை) இரண்டை மட்டும் ஆன் செய்யுங்கள். எழுதி முடிக்காத வரி எல்லாமே எடிட்டரின் கண்ணுக்குப் பிழைதான். அதற்கும் ஒலியை ஆன் செய்தால் அரை மணி நேரத்தில் நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்போன் போட்டால் பீப் ஒலி சில சமயம் பாதியாகக் கேட்கிறது, பல சமயம் கேட்பதே இல்லை. ஸ்பீக்கரில் சரியாக வருகிறது.

பதில்: கொஞ்ச நேரம் ஒலி எதுவும் போகாவிட்டால் ஹெட்போனோ கணினியின் ஒலிப் பகுதியோ மின்சாரம் மிச்சம் பிடிக்க உறங்கிவிடும். அடுத்த ஒலி வந்ததும் விழிக்கச் சற்று நேரமாகும். பாட்டில் முதல் அரை நொடி போனால் யாரும் கவனிப்பதில்லை. பீப்பின் மொத்த நீளமே ஒரு நொடிக்குள் என்பதால், விழிப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது.

உறுதி செய்வது எளிது. மெல்லிய சத்தத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, எடிட்டரில் இல்லாத ஒரு சொல்லைத் தேடுங்கள். இப்போது பீப் முழுதாகக் கேட்டால் காரணம் உறக்கமே.

விண்டோஸில் இதற்கு ஒரு நேரடி மருந்து உண்டு. பீப்புக்கான ஒலிக் கோப்பின் தொடக்கத்தில் அரை நொடி மௌனம் சேர்த்து, 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் பிசிஎம் (சுருக்காத ஒலி) வடிவில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஆடாசிட்டி போன்ற எந்த ஒலித் திருத்தியிலும் இது இரண்டு நிமிட வேலை. பிறகு சவுண்ட்ஸ் தாவலில் ‘டிஃபால்ட் பீப்’ வரிக்கு ‘பிரவுஸ்’ மூலம் அதைக் கொடுங்கள். மௌனப் பகுதி ஹெட்போனை எழுப்பும், மணி அதன் பின் அடிக்கும். அரை நொடி போதாவிட்டால் முக்கால் நொடி வையுங்கள். அதற்கு மேல் போனால் எந்தச் செயலுக்கு எந்த ஒலி என்பதே குழம்பிவிடும்.

லினக்ஸில் கம்பி வழி ஸ்பீக்கரிலும் இதே குறை வரும். லினக்ஸின் ஒலி அமைப்பான பைப்வயருடன் வரும் வயர்பிளம்பர் என்ற நிரல், 5 நொடி சும்மா இருந்தால் ஒலிக் கருவியை நிறுத்திவைக்கும். அதன் அமைப்பில் ‘சஸ்பெண்ட் டைம்அவுட்’ மதிப்பை 0 ஆக்கினால் நிறுத்தாது. அப்படியும் தொடக்கம் வெட்டுப்பட்டால் ஒலிச் சில்லை இயக்கும் இன்டெல் எச்டிஏ டிரைவரின் ‘பவர் சேவ்’ மதிப்பையும் 0 ஆக்க வேண்டும். மடிக்கணினியில் மின்கலம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

கேள்வி: என் சொந்த எம்பி3 ஒலியை எச்சரிக்கைக்கு வைக்க முடியவில்லையே?

பதில்: விண்டோஸ் நிகழ்வு ஒலிகளுக்கு வேவ் கோப்பு மட்டுமே செல்லும். கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மாற்றினால் போதாது, உள்ளே இருப்பது எம்பி3 ஆகவே இருக்கும். ஒலித் திருத்தியில் திறந்து வேவ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறையில் விட்டுவைக்காதீர்கள். எப்போதாவது அந்தக் கோப்புறையைச் சுத்தம் செய்யும்போது உங்கள் எச்சரிக்கை ஒலியும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: தொலைவில் உள்ள லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக விம் எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். தவறான விசையை அழுத்தினால் மணி அடிக்க வேண்டும் அல்லவா? அடிப்பதில்லை. சர்வரில் ஒலி டிரைவர் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) மணி என்பது ஆஸ்கி அட்டவணையில் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) 7ஆம் எண் எழுத்து. விம் அந்த ஒரு பைட்டை அனுப்புகிறது. அது மற்ற எழுத்துகளைப் போலவே எஸ்எஸ்எச் வழியாக உங்களிடம் வருகிறது. அதைக் கண்டு ஒலி எழுப்புவது உங்கள் மேசையில் உள்ள டெர்மினல் செயலி. சர்வரில் ஸ்பீக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சர்வரில் நுழையாமல், சொந்தக் கணினியின் பாஷ் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வெறும் வரியில் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். அழிக்க எழுத்து இல்லாததால் ஷெல் மணி அடிக்கும். ஒலி வராவிட்டால் டெர்மினலின் அமைப்பைப் பாருங்கள். க்னோம் டெர்மினலில் புரொஃபைலின் ‘டெக்ஸ்ட்’ தாவலில் ‘டெர்மினல் பெல்’ கட்டம் இருக்கிறது. விண்டோஸ் டெர்மினலில் புரொஃபைலின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘பெல் நோட்டிஃபிகேஷன் ஸ்டைல்’ உண்டு, அதில் ‘ஆடிபிள்’ தேர்வாகியிருக்க வேண்டும். விண்டோஸ்காரர்களிடம் பாஷ் இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக அமைப்பைப் பார்க்கலாம்.

இங்கே ஒலித்தால் அடுத்து சர்வரில் நுழைந்து அதே பேக்ஸ்பேஸ் சோதனையைச் செய்யுங்கள். ஒலிக்கிறதா? டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல சாளரங்களாக்கும் நிரல்) பயன்படுத்தினால் இனி அதற்குள் நுழைந்து மறுபடி. ஒவ்வொரு அடுக்காக உள்ளே போகும்போது எந்த அடுக்கில் மணி நிற்கிறதோ அங்கேதான் குற்றவாளி. டிமக்ஸில் ‘பெல்-ஆக்‌ஷன்’ இயல்பாக ‘எனி’. யாராவது ‘நன்’ என்று மாற்றியிருந்தால் மணி அங்கேயே விழுங்கப்படும். ‘விஷுவல்-பெல்’ ஆனில் இருந்தால் ஒலிக்குப் பதில் நிலைப்பட்டையில் ஒரு வரி மட்டும் வரும்.

கடைசியில்தான் விம். நார்மல் நிலையில் (எழுதாமல் கட்டளை கொடுக்கும் நிலை) எஸ்கேப் விசையை அழுத்தினால் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் ‘வெர்போஸ் செட் பெல்ஆஃப்?’ என்று கட்டளை வரியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், கேள்விக்குறியோடு. தற்போதைய மதிப்பு மட்டுமல்ல, அதைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பு என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆல்’ என்று இருந்தால் எல்லா மணியும் அணைந்திருக்கிறது, மதிப்பை வெறுமையாக்குங்கள். விம்மில் இயல்பு மதிப்பு வெறுமை, அதிலிருந்து பிரிந்த நியோவிம்மில் ‘ஆல்’. விம்மிலிருந்து நியோவிம்முக்கு மாறியவர்களின் மணி காணாமல் போவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘விஷுவல்பெல்’ ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒலிக்குப் பதில் திரையை மின்னவைக்கும். கூடவே மின்னவைக்கும் குறியீடான ‘டி_விபி’யின் மதிப்பு வெறுமையாக்கப்பட்டிருந்தால் மின்னலும் இல்லை, ஒலியும் இல்லை. மணியை அறவே ஒழிக்கப் பலரும் கையாளும் பழைய உத்தி அது. இன்னொருவரின் விம் அமைப்பை அப்படியே நகலெடுத்தவர்களுக்கு இது அடிக்கடி அமையும். ‘எரர்பெல்ஸ்’ என்ற அமைப்பை ஆன் செய்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழைச் செய்தி தோன்றும்போது அடிக்கும் மணிக்கு மட்டுமே. எஸ்கேப் மணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: இமாக்ஸ் எடிட்டரில் மணி அடிக்காவிட்டால்?

பதில்: கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் மணி அடிக்க வேண்டும். ‘விசிபிள்-பெல்’ மதிப்பு ‘டி’ (ஆன் என்று பொருள்) ஆக இருந்தால் திரை மட்டும் மின்னும். ‘ரிங்-பெல்-ஃபங்ஷன்’ மதிப்பு ‘இக்னோர்’ என்றால் எதுவும் நடக்காது. விண்டோஸ் இமாக்ஸில் மூன்றாவதாக ‘செட்-மெசேஜ்-பீப்’ என்ற செயல்பாடும் உண்டு. அமைப்புக் கோப்பில் அதற்கு ‘சைலன்ட்’ என்று கொடுத்திருந்தால் மற்ற இரண்டும் சரியாக இருந்தாலும் மணி ஒலிக்காது.

கேள்வி: மேக் கணினியில் வெளித்திரை இணைத்த நாளிலிருந்து டெக்ஸ்ட்எடிட்டில் எச்சரிக்கை ஒலி இல்லை. பாடல்கள் ஸ்பீக்கரில் கேட்கின்றன.

பதில்: மேக்கில் பாடலுக்கு ஒரு வழி, எச்சரிக்கைக்கு ஒரு வழி என்று பிரிக்க முடியும். சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட் பக்கம் திறந்து ‘பிளே சவுண்ட் எஃபெக்ட்ஸ் த்ரூ’ என்ற வரியைப் பாருங்கள். வெளித்திரையின் பெயர் இருந்தால், ஸ்பீக்கர் இல்லாத அந்தத் திரைக்குத்தான் உங்கள் பீப் போய்க்கொண்டிருக்கிறது. ‘செலக்டட் சவுண்ட் அவுட்புட் டிவைஸ்’ ஆக்கிவிடுங்கள். அருகிலேயே ‘அலர்ட் வால்யூம்’ தனியாக இருக்கிறது. மொத்த ஒலி முழுதாக இருந்தாலும் இது பூஜ்யத்தில் இருந்தால் பீப் கேட்காது. அலர்ட் சவுண்ட் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உடனே ஒலிக்கும், அதுவே சோதனை.

கேள்வி: பதிவுக் கோப்பு (லாக் ஃபைல்) ஒன்றை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து வைத்திருப்பேன். வேறு செயலி அதை மாற்றினால் கேள்விப் பெட்டியும் ஒலியும் வரும். இப்போது இரண்டும் இல்லை.

பதில்: பிரிஃபரன்ஸஸில் ‘ஃபைல் ஸ்டேட்டஸ் ஆட்டோ டிடெக்‌ஷன்’ பகுதியில் ‘அப்டேட் சைலன்ட்லி’ டிக் ஆகியிருக்கும். கேட்காமலே கோப்பைப் புதுப்பித்துவிடுவதால் பெட்டி இல்லை. பெட்டி இல்லாத இடத்தில் ஒலிக்கும் வேலையில்லை. டிக்கை எடுத்தால் இரண்டும் திரும்பும். பதிவுக் கோப்புக்கு உண்மையில் இந்த டிக் இருப்பதே நல்லது. நொடிக்கு ஒருமுறை மாறும் கோப்பு நொடிக்கு ஒரு கேள்வி கேட்டால் வேலை ஓடாது.

கேள்வி: இணையவழிக் கூட்டத்தில் பேசும்போது மட்டும் எடிட்டர் ஒலி காணாமல் போகிறது.

பதில்: விண்டோஸில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறக்கும் அதே பழைய சவுண்ட் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ தாவலைப் பாருங்கள். அழைப்பு நடக்கையில் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது இயல்பு நிலை. ‘டூ நத்திங்’ தேர்ந்தெடுங்கள். அழைப்பு இல்லாமல், பாட்டுச் செயலி ஓடும்போது மட்டும் பீப் மறைந்தால் காரணம் வேறு. அந்தச் செயலி ஒலிக் கருவியைத் தனியுரிமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயலியின் ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’ வசதியை அணையுங்கள். அல்லது ஒலிக் கருவியின் பிராபர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ தாவலுக்குப் போய், தனியுரிமை தரும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ஜிஎடிட் எடிட்டர் வைத்திருக்கிறேன். எந்த ஒலியும் வந்ததே இல்லை.

பதில்: வெற்றுக் கோப்பில் பேக்ஸ்பேஸ் அழுத்திச் சோதியுங்கள். தேடலில் சொல் கிடைக்காததை வைத்துச் சோதிக்காதீர்கள், அதற்கு ஜிஎடிட் பெட்டியின் நிறத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஒலி இல்லையென்றால் செட்டிங்ஸின் சவுண்ட் பக்கத்தில் சிஸ்டம் சவுண்ட்ஸ் அளவையும் அலர்ட் சவுண்ட் தேர்வையும் பாருங்கள். குறைந்தபட்ச நிறுவலாக இருந்தால் ‘சவுண்ட்-தீம்-ஃப்ரீடெஸ்க்டாப்’ தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒலிக் கோப்பே வட்டில் இல்லாவிட்டால் எந்த அமைப்பும் உதவாது. பழைய குறிப்புகளில் ‘பிசிஎஸ்பிகேஆர்’ மாட்யூலை ஏற்றச் சொல்வார்கள். அது தாய்ப்பலகையின் சிறு ஸ்பீக்கருக்கானது. பல கணினிகளில் அந்த ஸ்பீக்கரே கிடையாது, உபுண்டுவும் அதைத் தடைப்பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறொரு விண்டோஸ் கணினியின் திரையை இங்கே காட்டும் வசதி) திறந்த எடிட்டர் ஒலிப்பதில்லை.

பதில்: இணைப்புப் பெட்டியில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ → ‘லோக்கல் ரிசோர்ஸஸ்’ → ‘ரிமோட் ஆடியோ’ செட்டிங்ஸ். ‘பிளே ஆன் திஸ் கம்ப்யூட்டர்’ இருக்க வேண்டும். எதிர்முனை விண்டோஸ் சர்வர் என்றால் அங்கே ‘விண்டோஸ் ஆடியோ’ சேவை ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல சர்வர் பதிப்புகளில் அது தானாகத் தொடங்குவதில்லை.

கேள்வி: எனக்குக் காது மந்தம். ஒலி திரும்பி வந்தாலும் பயனில்லை. மாற்று வழி உண்டா?

பதில்: உண்டு. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் → அக்ஸஸிபிலிட்டி → ஆடியோ பக்கத்தில், ஒலி அறிவிப்பு வரும்போது திரையை மின்னவைக்கும் அமைப்பு இருக்கிறது. சாளரத்தின் தலைப்புப் பட்டை, முழுச் சாளரம், முழுத்திரை என்று மூன்று அளவுகள். நாள் முழுக்க எழுதுபவருக்கு முழுத்திரை மின்னல் கண்ணை உறுத்தும், நடுவில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். மேக்கில் அக்ஸஸிபிலிட்டியின் ஆடியோ பகுதியில் இதே போன்ற அமைப்பு உண்டு. விம்மில் ‘விஷுவல்பெல்’, இமாக்ஸில் ‘விசிபிள்-பெல்’ என்று மேலே சொன்னவை உங்களுக்கு நேரடியாக உதவும். ஜிவிம் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: வரைகலைச் சாளரம் தொடங்கும்போது ‘டி_விபி’ மதிப்பு இயல்புக்குத் திரும்பிவிடும். அதில் நீங்கள் மாற்றம் செய்திருந்தால் அந்த வரியை ‘ஜிவிம்ஆர்சி’ கோப்பிலும் எழுதுங்கள்.